எட்டுக் குப்பிகளும் ஒரு துண்டுத்தாளும்: சிக்னல் பாதைத் தடுப்பான் தொகுப்பு பற்றி

பெங்களூருவின் வடக்கே, பல்லாரி சாலைப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ச்சி குறித்து வேலை செய்து வருகிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததால், செல் வளர்ச்சி சிக்னல் பாதைகளை ஆராய்வதற்கென்று ஒரே பெட்டியில் எட்டுத் தடுப்பான்களை வைத்து விற்கும் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். விலை நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஐந்து மாதங்கள் அதைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏறத்தாழ இதே எட்டுப் பொருள்கள் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அட்டைப்பெட்டிகளில் சந்தையில் கிடைக்கின்றன என்பதால், நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியில் இருந்தவை: ரபமைசின், வோர்ட்மானின், எல்ஒய் 294002, பிடி 98059, யு0126, எஸ்பி 203580, எஸ்பி 600125, ஜெஃபிட்டினிப். இவற்றோடு மருந்துகளைக் கரைக்க 10 மி.லி. கிருமி நீக்கிய டிஎம்எஸ்ஓ, நான்காக மடித்த ஒரு துண்டுத்தாள். இந்தத் துண்டுத்தாளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் வெளிப்புற ஏற்பியில் வந்து ஒட்டியதும், உள்ளே கைனேஸ் எனப்படும் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுத்ததன்மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை எழுப்பிவிடுகின்றன. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று இறங்குவது ஒரு வாய்க்கால். பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று இறங்குவது இன்னொன்று. எந்த மடையை அடைத்தால் எந்த வயல் காய்கிறது என்று பார்ப்பதுபோல, ஏதாவது ஒரு கைனேஸை வேதிப்பொருளால் நிறுத்திவிட்டு அதற்குக் கீழே உள்ள புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறதா இல்லையா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் முறை) பார்ப்பதே தடுப்பான் ஆய்வின் அடிப்படை. மனித மரபுத்தொகுதியில் கைனேஸ்கள் 518 என்று 2002இல் பட்டியலிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி மூலக்கூறு அமரும் குழி ஒன்றைப்போலவே இன்னொன்றும் இருப்பதால், ஒரு மடைக்கென்று செய்த பலகை பக்கத்து மடையையும் அடைத்துவிடுவது இத்துறையின் தீராத தொல்லை. ஆகவே இப்படி ஒரு பெட்டியை மதிப்பிடும்போது நான் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். குப்பிக்குள் இருப்பது சொன்ன வேலையைச் செய்கிறதா? அது செய்யும் மற்ற வேலைகளை வாங்குபவருக்கு விற்பவர் சொல்லியிருக்கிறாரா? முதல் கேள்விக்கு இந்தப் பெட்டி பெரும்பாலும் தேறிவிடுகிறது. இரண்டாவதில் தோற்கிறது.

பெட்டி வந்து சேர்ந்ததே ஒரு கதை. ஆர்டர் கொடுத்த பிறகு ஐந்து வாரங்கள் ஆயின. அதில் எட்டு நாட்கள் விமான நிலையச் சுங்கத்தில் போயின. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தி, ஆய்வாளர்கள் கூக்குரல் எழுப்பியதும் சில நாட்களிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதிலிருந்து சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் வாங்குகிறோம் என்ற உறுதிமொழிக் கடிதத்தை எழுதி எழுதியே எங்கள் கொள்முதல் பிரிவு களைத்துப்போயிருக்கிறது. பெட்டியைக் கொண்டுவந்தவர் அல்சூர்க்காரர், தமிழர். "ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு மேடம், நான் என்ன பண்ணட்டும்" என்று வருத்தத்தோடு கையெழுத்து வாங்கிக்கொண்டார். உண்மையில் அதில் பெரிய நட்டம் எதுவும் இல்லை. உலர்ந்த பொடியாக இருக்கும்வரை இவற்றில் பெரும்பாலானவை சில நாட்கள் அறை வெப்பத்தைத் தாங்கும். கரைத்த பிறகுதான் கவனம் வேண்டும்.

குப்பிகளைத் திறக்கும் முன்பே எங்கள் மாணவி ஒருத்தி, திருநெல்வேலிப் பெண், ரபமைசின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, இது காலியா இருக்கே" என்றாள். காலி இல்லை. ஒரு மில்லிகிராம் என்பது கண்ணாடிச் சுவரில் மூச்சுப் பட்டதுபோன்ற ஒரு படலம்தான். சில சமயம் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். திறக்கும் முன் மையவிலக்கியில் சில நொடிகள் சுழற்றிப் பொடியை அடிக்குக் கொண்டுவர வேண்டும். டிஎம்எஸ்ஓவை விட்டபின் சுவரையும் மூடியையும் அதைக்கொண்டே கழுவி எடுக்க வேண்டும். ஃபிரீசரிலிருந்து எடுத்த உடனே திறக்காமல், ஈரம் உறிஞ்சும் ஜாடியில் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூடத் துண்டுத்தாளில் இல்லை. முதல்முறை வாங்கும் கல்லூரி ஆய்வகம் ஒன்று மூடியில் ஒட்டிய பாதி மருந்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவைக்கும்.

டிஎம்எஸ்ஓவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 18.5 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். சென்னையில் படித்த காலம் முழுவதும் டிஎம்எஸ்ஓ குளிர்பெட்டிக்கு வெளியே உறைந்து நான் பார்த்ததில்லை. பெங்களூருவின் டிசம்பர்க் காலையில் மேசைமேல் இருந்த குப்பி பாதி கற்கண்டாகக் கிடந்தது. இளஞ்சூட்டில் முழுவதும் உருக்கிக் கலக்கிய பிறகு பயன்படுத்தினால் குற்றமில்லை. பெட்டியோடு டிஎம்எஸ்ஓவைச் சேர்த்துக் கொடுத்திருப்பது நல்ல யோசனை. தடுப்பானைக் கரைத்த அதே கரைப்பானைத் தடுப்பான் இல்லாத கிணறுகளிலும் (செல்கள் வளரும் தட்டின் சிறு குழிகள்) விட்டால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

இனி குப்பிகளுக்கு வருகிறேன். சோதித்த முறை எளியது. ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை ஓர் இரவு சீரம் இல்லாமல் பட்டினி போட்டோம். மறுநாள் தடுப்பானை முன்கூட்டியே 30 நிமிடம் கொடுத்து, பிறகு மி.லி.க்கு 100 நானோகிராம் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை விட்டு, 10 நிமிடத்தில் செல்களை உடைத்து ஜெல்லில் ஓட்டினோம். பாஸ்பேட் ஏறிய புரதத்துக்கு ஓர் ஆன்டிபாடி, அதே புரதத்தின் மொத்த அளவுக்கு இன்னொன்று. முதலாவது மறைந்து இரண்டாவது மாறாமல் இருந்தால்தான் தடுப்பு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வோம்.

மெக் கைனேஸைத் தடுக்கும் யு0126 நன்றாகவே வேலை செய்கிறது. 10 மைக்ரோமோலாரில் எர்க்கின் இரட்டைப் பட்டைகள் இரண்டும் சுத்தமாக மறைந்தன. மொத்த எர்க் அசையவில்லை. ஏகேடி பட்டையும் அப்படியே நின்றது. மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது கடினம். ஆனால் இந்தக் குப்பியில்தான் எனக்கு முதல் சண்டையும் வந்தது. யு0126இன் மூலக்கூறு எடை 380.5. சந்தையில் அது பெரும்பாலும் ஓர் எத்தனால் மூலக்கூறைச் சுமந்த வடிவத்தில் வருகிறது. அப்போது எடை 426.5 ஆகிவிடும். குப்பியின் சீட்டில் எத்தனால் சேர்ந்த வடிவம் என்று பொடி எழுத்தில் இருந்தது. துண்டுத்தாளோ 5 மி.கி. பொடியை 10 மில்லிமோலார் ஆக்க 1.31 மி.லி. விடச் சொல்கிறது; அது எத்தனால் இல்லாத வடிவத்துக்கான கணக்கு. சரியான அளவு 1.17 மி.லி. தாளை நம்பிக் கரைத்தால் கையில் இருப்பது 10 அல்ல, ஏறத்தாழ 8.9 மில்லிமோலார். பட்டை மறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு இந்தப் பத்துச் சொச்சம் சதவீதம் ஒரு பொருட்டல்ல. பாதித் தடுப்புக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று அளந்து, இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்க உட்காருபவருக்கு இது பிழையாகவே போய்ச் சேரும். எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, "சீட்டில் உள்ளதைப் பின்பற்றவும்" என்று ஒரு வரி பதில் வந்தது. தாளைத் திருத்துவதாகவோ, முன்பு வாங்கியவர்களுக்குத் தெரிவிப்பதாகவோ ஒரு சொல்லும் இல்லை.

பிடி 98059 இதே மெக் கைனேஸுக்கு 1995இல் வந்த முந்தைய தடுப்பான். இது வேலை செய்யும் விதமே வேறு. இன்னும் எழுப்பப்படாத மெக்கில் ஒட்டிக்கொண்டு, ராஃப் அதை எழுப்பவிடாமல் தடுக்கிறது. ஏற்கெனவே எழும்பிய மெக்கை இதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எனவே இஜிஎஃப் விட்ட பிறகு இதைக் கொடுத்துப் பயனில்லை என்பதை வாங்குபவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். 10 மில்லிமோலார் கரைசலாக வைத்துக்கொண்டு 50 மைக்ரோமோலாரில் பயன்படுத்துங்கள் என்கிறது தாள். அப்படிச் செய்தால் மீடியத்தில், அதாவது செல்கள் வளரும் திரவத்தில், டிஎம்எஸ்ஓ மட்டும் 0.5 சதவீதம் சேர்ந்துவிடும், நாங்கள் 0.1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மருந்தாவது கரைந்து நின்றதா என்றால் அதுவும் இல்லை. இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது செல்களுக்கு இடையே மெல்லிய ஊசிகள் வைக்கோல் சிதறியதுபோலக் கிடந்தன. தண்ணீரில் கரையாத பொருளை அளவுக்குமேல் விட்டால் அப்படித்தான் படிகமாகும். படிகமானது போக மீடியத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போட்டோம்.

பிஐ3கே வாய்க்காலுக்கு இரண்டு குப்பிகள் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் நான் மனதாரப் பாராட்டும் ஏற்பாடு இது. வோர்ட்மானின் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. நொதியோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொண்டு விடாமல் பிடித்துக்கொள்கிறது. எல்ஒய் 294002 எலை லில்லி நிறுவனத்தார் 1994இல் வெளியிட்டது. நம் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினை மாதிரியாக வைத்துக்கொண்டு செதுக்கியது. இது பிடித்தாலும் விட்டுவிடும். உருவத்திலும் பிடிக்கும் முறையிலும் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மருந்துகள் ஒரே விடையைச் சொன்னால் அந்த விடையை ஓரளவு நம்பலாம். எங்கள் தட்டில் 30 நிமிடச் சோதனையில் 100 நானோமோலார் வோர்ட்மானினும் 20 மைக்ரோமோலார் எல்ஒய் 294002உம் ஏகேடியின் 473ஆம் செரீன் (பாஸ்பேட் ஏறும் ஓர் இடம்) பட்டையை ஒருசேர மறைத்தன.

நேரம் நீளும்போது அந்த ஒற்றுமை உடைகிறது. வளர்ச்சியைப் பார்க்க 24 மணி நேரம் வைக்குமாறு தாள் சொல்கிறது, இரண்டு மருந்துக்கும் ஒரே வரியில். வோர்ட்மானின் மீடியத்தில் வெகு சீக்கிரம் சிதைந்துபோகும் பொருள். காலையில் விட்டது மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காது. இதற்கிடையே செல் புதிதாக நொதியைச் செய்துகொள்கிறது. மறுநாள் எங்கள் பிளாட்டில் ஏகேடி பட்டை ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது. எல்ஒய் கிணறுகளிலோ செல்கள் பாதியாகக் குறைந்திருந்தன. மாணவன் உடனே, எல்ஒய்தான் நல்ல மருந்து, வோர்ட்மானின் பழுது என்று நோட்டில் எழுதிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. எல்ஒய் 294002 பிஐ3கேயோடு நிற்பதில்லை. எம்டாரையும் கேசீன் கைனேஸ் 2ஐயும் தொடுகிறது. கைனேஸே அல்லாத, குரோமாட்டினைப் படிக்கும் புரோமோடொமைன் புரதங்களையும் தொடுகிறது. 24 மணி நேரத்தில் செல் குறைந்தது இவற்றில் எதனால் என்று அந்தத் தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் பக்க வேலைகளைப் பற்றி இரண்டு வரி அச்சிட்டிருந்தால் ஒரு வார உழைப்பு மிஞ்சியிருக்கும்.

இந்தப் பக்க வேலைகள் ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த இரகசியம் அல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிலிப் கோஹனின் குழுவினர், கடைகளில் கிடைக்கும் கைனேஸ் தடுப்பான்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் பல கைனேஸ்களோடு மோதவிட்டுப் பார்த்து, 2000இலும் 2003இலும் 2007இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசியில் வந்ததில் மட்டும் 65 பொருள்கள். எதை எந்த அளவுக்குமேல் பயன்படுத்தக் கூடாது, எதை அறவே ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் உள்ள பலவும் அந்தச் சோதனையில் இடம்பெற்றவை. அப்படியிருக்க, இன்றைக்கு அச்சடித்த தாள் ஒன்று எஸ்பி 600125ஐ "தேர்ந்தெடுத்துத் தாக்கும் ஜேஎன்கே தடுப்பான்" என்று கூசாமல் சொல்கிறது. ஜேஎன்கே என்ற கைனேஸைத் தடுக்கும் அதே அளவில் வேறு பல கைனேஸ்களையும் அது தடுத்துவிடுகிறது என்பது 2003இலேயே தெரிந்த செய்தி.

எஸ்பி 203580 பி38 கைனேஸுக்கானது. இதில் தாள் செய்திருக்கும் தவறு எடையைத் தப்பாகக் கணக்கிட்டதைவிடப் பெரியது. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, பாஸ்பேட் ஏறிய பி38ஐப் பிளாட்டில் பாருங்கள் என்கிறது. பி38மீது பாஸ்பேட்டை ஏற்றுவது அதற்கு மேலே உள்ள நொதிகள். எஸ்பி 203580 தடுப்பது பி38 தன் கீழே உள்ளவற்றின்மீது செய்யும் வேலையை. வாசல்காவலரின் கையைக் கட்டிவிட்டு, அவர் சீருடை அணிந்திருக்கிறாரா என்று பார்த்தால் என்ன தெரியும்? பி38இன் பட்டை மறையவில்லை. மாணவி மூன்று முறை செய்தாள், புது மருந்து கரைத்தாள், ஆன்டிபாடியைச் சந்தேகித்தாள், கடைசியில் தன் கையையே சந்தேகித்தாள். பி38க்கு அடுத்த படியில் உள்ள எம்கே2 புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கி, அதே லைசேட்டில் (உடைத்த செல்களின் சாறு) போட்டுப் பார்த்ததும் 5 மைக்ரோமோலாரில் பட்டை அழகாகக் காணாமல் போயிருந்தது. மருந்தில் குறை எதுவும் இல்லை. அவளுடைய பத்து நாட்களை அந்தத் தாள் தின்றுவிட்டது. ஜேஎன்கே தடுப்பானுக்கும் இதே தவறான அறிவுரைதான். அங்கே பார்க்க வேண்டியது சி-ஜூன் புரதத்தின் பாஸ்பேட்டை.

ரபமைசினைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடிவிடும். 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன மருத்துவக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா செய்யும் பொருள் இது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி என்பதால் ரபமைசின். மான்ட்ரியலில் ஏயர்ஸ்ட் நிறுவனத்தில் இருந்த சுரேந்திர நாத் சேகல் என்ற இந்திய விஞ்ஞானியும் சக ஊழியர்களும் அதைப் பிரித்தெடுத்து 1975இல் வெளியிட்டார்கள். நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோது, பாக்டீரியாவை வீட்டு ஃபிரீசரில் பத்திரப்படுத்தி வைத்தவர் சேகல். 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மருந்தின் இலக்கைத் தேடிப் போய்த்தான் ஈஸ்ட்டில் டார் மரபணுக்களை 1991இல் கண்டார்கள். பாலூட்டிகளின் எம்டார் 1994இல் தெரியவந்தது. நொதியைக் கண்டுபிடித்த பிறகு அதற்குத் தடுப்பானைத் தேடுவதே வழக்கம். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது.

குப்பியிலும் குறை இல்லை. 20 நானோமோலார் போதும். எம்டாருக்குக் கீழே உள்ள எஸ்6 கைனேஸின் 389ஆம் திரியோனின் பட்டை ஒரு மணி நேரத்தில் அடியோடு போய்விடுகிறது. இஷ்டத்துக்கு எந்தக் கைனேஸிலும் ஒட்டாமல், முதலில் எஃப்கேபிபி12 என்ற சிறு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜோடியாகவே எம்டாரை அணுகுவதால் இதன் குறி தப்புவது அரிது. ஆனால் "எம்டாரை முழுமையாகத் தடுக்கும்" என்று தாளில் போட்டிருப்பது தவறு. எம்டார் இரண்டு கூட்டமைப்புகளில் இருக்கிறது. ரபமைசின் நேரடியாகத் தடுப்பது முதலாவதை, அதையும் முழுதாக அல்ல. 4இ-பிபி1 புரதத்தின் பாஸ்பேட் பெருமளவு தப்பிவிடும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இதைக் கொடுத்தபோது ஏகேடி பட்டை குறைவதற்குப் பதிலாகத் தடித்தது. மாணவர்கள் திகைத்துப் போனார்கள். கீழே உள்ள எஸ்6 கைனேஸ் மேலே பிஐ3கேயைத் தூண்டும் ஐஆர்எஸ்1 புரதத்தை அமுக்கி வைத்திருப்பது வழக்கம். ரபமைசின் அந்த அமுக்கத்தை எடுத்துவிடுவதால் தண்ணீர் பின்னோக்கி ஏறிப் பக்கத்து வாய்க்காலில் பெருகுகிறது. நாட்கணக்கில் வைத்தால் பல செல் வகைகளில் இரண்டாவது கூட்டமைப்பும் குலைந்து, ஏகேடி குறையத் தொடங்கும். ஒரே மருந்து, ஒரே பட்டை, ஒரு மணி நேரத்தில் ஒரு விடை, ஒரு நாளில் வேறு விடை. பயிற்சிக்கென்றால் இந்த ஒரு குப்பியை வைத்துக்கொண்டே ஒரு மாதம் பாடம் நடத்தலாம்.

ஜெஃபிட்டினிப் வாய்க்காலின் தலைமடையான இஜிஎஃப் ஏற்பியையே அடைக்கிறது. 1 மைக்ரோமோலாரில் எர்க், ஏகேடி இரண்டும் ஒருசேர விழுந்தன. இதை யு0126உடன் பக்கத்தில் வைத்து ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இஜிஎஃபுக்குப் பதிலாகப் பிஎம்ஏ என்ற பொருளால் எர்க்கைத் தூண்டினால், அது ஏற்பியைத் தொடாமல் இடையில் புகுந்து தூண்டுவதால், ஜெஃபிட்டினிப் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். யு0126 அப்போதும் எர்க்கை நிறுத்தும். அடைப்பு எந்த இடத்தில் என்பதைச் செல்லே சொல்லிவிடுகிறது. இப்படி இரண்டு குப்பிகளைச் சேர்த்துச் செய்யும் சோதனை ஒன்றையாவது தாளில் கொடுத்திருந்தால், இதைத் தொகுப்பாக விற்பதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். இப்போது இருப்பது எட்டுத் தனிக் குப்பிகளை ஓர் அட்டையில் செருகி வைத்ததுதான்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். யு0126உக்கு யு0124 என்று வேலை செய்யாத இரட்டை ஒன்று உண்டு. உருவம் ஏறக்குறைய அதேதான், மெக்கை மட்டும் தடுக்காது. அதைப் போட்ட கிணற்றிலும் அதே விளைவு வந்தால் மெக்குக்கும் அந்த விளைவுக்கும் சம்பந்தமில்லை என்று அறியலாம். ஒரு குப்பி சேர்ப்பதற்கு அதிகம் செலவாகாது, சேர்க்கவில்லை. பட்டியலே பெரும்பாலும் தொண்ணூறுகளில் உறைந்து நிற்கிறது என்பது அடுத்த குறை. மெக்குக்கு இன்று பிடி 0325901உம், 2013இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டிராமெட்டினிபும் இருக்கின்றன. நானோமோலார் அளவிலேயே வேலை முடிந்துவிடும், பக்க வேலைகளும் குறைவு. எம்டாரின் இரண்டு கூட்டமைப்புகளையும் அடைக்க டோரின் 1 இருக்கிறது. ஏகேடிக்கு நேரடியாக எம்கே 2206 இருக்கிறது. இந்தத் தொகுப்பில் ஏகேடிக்கென்று ஒரு குப்பிகூட இல்லை. வளர்ச்சிப் பாதை என்று பெயர் வைத்துவிட்டு அதை விட்டது ஏன் என்று புரியவில்லை.

ஆவணங்களில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. ஏழு குப்பிகளுக்குத் தூய்மைச் சான்றிதழ் வலைத்தளத்தில் உடனே கிடைத்தது. எல்லாம் 98 சதவீதத்துக்கு மேல். ஜெஃபிட்டினிப் குப்பியில் இருந்த தொகுதி எண்ணுக்குச் சான்றிதழே இல்லை. கேட்ட பிறகு வேறொரு தொகுதியின் சான்றிதழை அனுப்பினார்கள். அந்தக் குப்பி சரியாகவே வேலை செய்தது என்றாலும், கட்டுரைக்கான சோதனைகளில் அதைச் சேர்க்காமல் புதிதாக வேறிடத்தில் வாங்கிக்கொண்டோம்.

ஆக, வாங்கலாமா? பயிற்சிக்காக, விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் இடத்தில், துண்டுத்தாளை முதல் நாளே கிழித்துப் போட்டுவிட்டு வாங்கலாம். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த இரண்டரையும் ரபமைசினுக்கும், யு0126உக்கும், பிஐ3கேக்கு இரண்டு குப்பி வைத்த யோசனைக்கும். ஆராய்ச்சிக்கு என்றால் இந்தப் பணத்துக்கு டிராமெட்டினிப், டோரின் 1, ரபமைசின், எம்கே 2206, யு0126 அதன் இரட்டையோடு, எனத் தனித்தனியாகச் சிறு குப்பிகளாக வாங்கிக்கொள்வது மேல். அதோடு மருந்துக்கு அசையாத மாற்றுப் புரதத்தைச் செல்லில் புகுத்திப் பார்க்கும் சோதனையையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். பி38இன் 106ஆம் திரியோனினை மெத்தியோனினாக மாற்றினால் எஸ்பி 203580 அதைத் தொடாது. எம்டாரின் 2035ஆம் செரீனை மாற்றினால் ரபமைசின் ஜோடி அதில் ஒட்டாது. அப்படி மாற்றிய செல்லில் மருந்தின் விளைவு நின்றுபோனால், அந்த விளைவு அந்தக் கைனேஸின் வழியாகத்தான் வந்தது என்று எந்தத் தேர்வாளரிடமும் வாதாடலாம்.

கரைத்ததை எல்லாம் 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வைத்திருக்கிறோம். ஒரு முறை உருக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை. யு0126 குழாய்களின் மூடியில் 10 என்று எழுதியிருந்ததை மாணவி அடித்துவிட்டு 8.9 என்று எழுதியிருக்கிறாள். எஸ்பி 600125 குப்பியை இன்னும் திறக்கவில்லை.